பாட்டிக்கு முதல் காலம், பேத்திக்கு மூன்றாம் காலம்

கேள்வி: எனக்கு 57 வயது. 7 வயதிலிருந்து 19 வயது வரை பரதம் ஆடினேன், கல்யாணத்தோடு நின்றுபோனது. மூன்று வருடமாக மறுபடி வகுப்புக்குப் போகிறேன், வாரம் இரண்டு நாள். பேத்திக்கு 12 வயது, ஹிப்ஹாப் ஆடுகிறாள். டிவி நடனப் போட்டி ஒன்றில் வயது வரம்பே இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். "பாட்டி, நாம ரெண்டு பேரும் ஜோடியா போகலாம்" என்று ஒரே பிடிவாதம். ஆடிஷனுக்குப் பத்து வாரம் இருக்கிறது. அவளுடைய மாஸ்டர் இரண்டு நிமிட நடனம் ஒன்றை அமைத்தே விட்டார். அதில் நான் முழுமண்டியில், அதாவது முட்டியை முழுக்க மடக்கிக் குந்தி, குதிக்க வேண்டும், தரையில் உட்கார்ந்து சுழன்று எழ வேண்டும், கடைசியில் முட்டியைப் பாதி மடக்கி அரைமண்டியில் நிற்கும் என் தொடைமேல் அவள் ஏறி நிற்க வேண்டும். படி இறங்கும்போது எனக்கு வலது முட்டி லேசாக வலிக்கும். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அவளுக்கும் ஒரு மாதமாகக் குதிகால் வலி, கேட்டால் ஒண்ணுமில்லை என்கிறாள். இந்த உடம்பு தாங்குமா? இளவட்டங்களோடு ஒரே மேடையில் நின்றால் சிரிக்க மாட்டார்களா? மகன் வேறு "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் அந்த மாஸ்டர் அமைத்த நடனத்தோடு போக வேண்டாம். தொடைமேல் ஏறி நிற்பதையும் முழுமண்டிக் குதியையும் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள், மீதியைப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவரலாம்.

ஆடுகிறவர்களின் கால், முட்டி, முதுகு இவற்றையே வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்த மாதிரிப் போட்டிகளின் மேடைக்குப் பின்னால் ஐஸ் பையும் டேப்புமாக உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. அங்கே நான் பார்த்தவரை, விளக்கு எரிய ஆடும் அந்த இரண்டு நிமிடத்தில் அடிபட்டவர்கள் குறைவு. பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களில் ஒத்திகைக் கூடத்தில்தான் அடிபடுகிறது, இல்லாவிட்டால் ஷூட்டிங் அன்றைக்குக் காலையிலிருந்து காத்திருந்து உடம்பெல்லாம் ஆறிப்போன பிறகு "அடுத்து நீங்கதான், வாங்க வாங்க" என்று திடுதிப்பென்று கூப்பிடுவார்களே, அப்போது. ஒருமுறை நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், மகனோடு ஆட வந்தவர், குளிரூட்டிய அறையில் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் துள்ளி எழுந்து, மேடைக்குப் போகும் வழியிலேயே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம் என்று நாலு குதி குதித்தார். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது என்றார். கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. மேடையை அவர் பார்க்கவே இல்லை.

அதனால் இந்த உடம்பு இரண்டு நிமிடம் தாங்குமா என்று யோசிக்காதீர்கள், பத்து வாரம் தாங்குமா என்று யோசியுங்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த நடனத்தில் நீங்கள் குதித்துத் தரையில் இறங்கும் இடமும் ஓங்கித் தட்டும் இடமும் சேர்த்து வெறும் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒத்திகையில் மாஸ்டர் 20 தடவை ஓட்டுவார், போட்டி நெருங்க நெருங்க எல்லா மாஸ்டர்களும் அப்படித்தான், அவர்களுக்கு ஒரு பயம் வந்துவிடும். அப்படியானால் ஒரு மாலைக்கு 240. வாரத்துக்கு நாலு நாள் என்றால் 960. குதித்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் காலில் விழும் பாரம் உடல் எடையைப்போல் பல மடங்கு. இதுவரை வாரம் இரண்டு நாள் நிதானமாக வகுப்புக்குப் போய்வந்த முட்டிக்கு இது ஒரே வாரத்தில் வந்து இறங்கினால் அது என்ன செய்யும்? முட்டிக்கு உங்கள் வயது தெரியாது. போன மாதம் எவ்வளவு வேலை செய்தோம், இந்த மாதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

வயது ஒன்றுமே செய்யாது என்று சொல்லவில்லை, அது பொய். முப்பது வயதைத் தாண்டினாலே தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பித்துவிடும், அதிலும் சட்டென்று எகிறும் வேகம்தான் முதலில் போகும், வலு அப்புறம்தான். தசைநாண்கள், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே இருப்பது, திடீர் இழுப்பை முன்னைப்போல் மன்னிக்காது. மாதவிடாய் நின்ற பிறகு சில வருடங்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாக இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், இன்றைக்கு ஆடிய களைப்பு உங்கள் பேத்திக்கு நாளைக் காலையில் போய்விடும், உங்களுக்கு அது நாளை மறுநாள்தான் போகும். ஆனால் தாளம், பார்வை, கை, முகம், நின்ற இடத்தில் நிற்கும் அழுத்தம், இதெல்லாம் வயதோடு குறைவதில்லை. 12 வருடம் கற்றது 35 வருடம் உள்ளே தூங்கினாலும் அழிந்துபோவதில்லை, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் நாள் வகுப்பில், பரதத்தின் ஆரம்பப் பாடமான தட்டடவு தானாகக் காலில் வந்திருக்குமே.

இங்கேதான் எனக்கு ஒரு யோசனை. நான் நடன ஆசிரியை இல்லை, மாஸ்டர் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கை, ஹிப்ஹாப்பில் அவர் "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று கத்துவதும் எட்டு. ஒரே எட்டுக்குள் நீங்கள் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் ஆடுங்கள், அவள் அதைப்போல் நாலு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஆடட்டும். நீங்கள் ஒரு தட்டு தட்டும் இடத்தில் அவளுக்கு நாலு அசைவு. பார்க்கிறவர்களுக்கு இரண்டு தலைமுறையும் ஒரே தாளத்தில் இருப்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும், அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு அவ்வளவு அழகு. எனக்கு இதில் கிடைக்கும் லாபம் வேறு. உங்கள் காலில் விழும் அடி அப்படியே கால்வாசியாகிவிடும். நடுவில் ஒரு பதினைந்து வினாடி இசை இறங்கும்போது நீங்கள் நின்ற இடத்திலேயே அபிநயம் மட்டும் செய்யுங்கள். பெரிய அரங்கத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு உங்கள் கண் அசைவு தெரியாது, டிவியில் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வரும். பரதம் படித்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவளுக்கு மூன்றாம் காலம் என்றதும் அவள் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் அதற்கும் குறுக்கே நிற்பேன். தசையைச் சட்டென்று இறுக்கித் துடிக்கவைக்கும் பாப்பிங், அசைவை நடுவில் பூட்டி நிறுத்தும் லாக்கிங், கையில் அலை, மார்பையும் தோளையும் தனியே வெட்டி எடுப்பது, இதெல்லாம் பாதம் தரையை விட்டு எழும்பாமலே மின்னல் வேகத்தில் செய்யக்கூடியவை. அந்தக் குதிகால் வலி இருக்கும்வரை அவளுடைய வேகம் இடுப்புக்கு மேலே இருக்கட்டும்.

குதிகாலைப் பற்றி. உங்கள் முட்டியைவிட எனக்கு இதுதான் அவசரமாகப் படுகிறது. 8 முதல் 14 வயது வரையுள்ள, ஓடி ஆடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வந்தால் முதலில் நாங்கள் சந்தேகப்படுவது சீவர்ஸ் டிசீஸ் என்பதை. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அது நோயே இல்லை. குதிகால் எலும்பின் பின்பக்கம் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும், அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி. பிள்ளை மளமளவென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்ளும், கெண்டைக்கால் தசை பின்தங்கும், அந்த இழுப்பெல்லாம் போய் விழுவது அந்தத் தட்டில். குதிகாலின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து அழுத்தினால் அவள் காலை உதறுகிறாளா பாருங்கள். உதறினால் ஏறக்குறைய அதுதான், ஒருமுறை நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வளர்ச்சி முடிந்து அந்தத் தட்டு எலும்போடு சேர்ந்ததும் தானாகப் போய்விடும், நிரந்தரக் கேடு வைக்காது. அதுவரைக்கும் குதிப்பதைக் குறைக்க வேண்டும், செருப்பிலும் ஷூவிலும் குதிகாலுக்கு மெத்தென்று ஒரு திண்டு வைக்க வேண்டும், வெறுங்காலோடு கெட்டித் தரையில் ஒத்திகை கூடாது. நொண்டி நடக்க ஆரம்பித்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. இரவில் தூங்கவிடாத வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் இந்தக் கதையெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அவளைக் கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். "ஆட முடியுமா" என்று கேட்டால் 12 வயதுப் பிள்ளை முடியும் என்றுதான் சொல்லும், டிவி என்றால் எலும்பு முறிந்திருந்தாலும் முடியும் என்று சொல்லும். "பத்துக்கு எத்தனை வலிக்குது" என்று கேளுங்கள். காலையில் எழுந்து முதல் நாலு அடி எப்படி வைக்கிறாள் என்று கண்ணால் பாருங்கள், அதுதான் பொய் சொல்லாது. மாதம் ஒருமுறை சுவரில் உயரம் குறித்து வையுங்கள். செருப்பு திடீரென்று பத்தாமல் போனால் அடுத்து உயரப் போகிறாள் என்று அர்த்தம், ஏனென்றால் முதலில் வளர்வது பாதம்தான். அந்த நேரத்தில் நேற்றுவரை வந்த சுழற்சி இன்றைக்கு வராது, காலும் கையும் யாரோ கொடுத்த மாதிரி இருக்கும். மாஸ்டர் கவனம் இல்லை என்று திட்டுவார். கவனமெல்லாம் இருக்கிறது, உடம்பின் அளவுதான் மாறிவிட்டது.

அப்புறம் தூக்கம். அவள் வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். பள்ளி முடிந்து ஒத்திகை, ஒத்திகை முடிந்து வீட்டுப்பாடம் என்று பதினொன்றரைக்குப் படுத்தால் அந்தக் குதிகால் பத்து வாரத்தில் ஆறவே ஆறாது.

சரி, உங்கள் முட்டிக்கு வருவோம். படி ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது வலித்தால் பெரும்பாலும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது, தொடைத் தசை அதைத் தாங்கி இறக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. முழுமண்டி அந்த அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும், அதிலிருந்து குதிப்பது என்றால் கேட்கவே வேண்டாம். அரைமண்டியில் உங்களை ஒருமுறை கண்ணாடி முன் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி பாதத்தின் நேர்கோட்டில், இரண்டாவது விரலைப் பார்த்தபடி இருக்கிறதா, இல்லை உள்பக்கம் சாய்கிறதா? இடுப்பிலிருந்து கால் திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பி வைத்துக்கொள்வது பரதம் ஆடுகிறவர்களிடம் நான் தினமும் பார்க்கும் தப்பு, அந்த முறுக்கெல்லாம் முட்டியில்தான் போய்ச் சேரும். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு திருப்புங்கள் போதும். மண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள், நடுங்கினால்தான் தெரியும்.

வாரம் மூன்று நாள், ஒத்திகை இல்லாத நாட்களில், மூன்று காரியம் செய்யுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதலில் இரண்டு காலால், மூன்றாவது வாரத்திலிருந்து ஒற்றைக் காலால், அதையும் இறக்கும்போது மெதுவாக. ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்பது, அது சுலபமானதும் நின்றபடியே தலையைத் திருப்புவது. இவ்வளவுதான். பார்க்க அற்பமாக இருக்கும், தசை நன்றாக வலுப்பெற ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், உங்களிடம் இருப்பது பத்து, ஆகவே திங்கட்கிழமையிலிருந்து என்று தள்ளாதீர்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி இருந்தால் நேற்று செய்தது அதிகம், அடுத்த தடவை குறையுங்கள். முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ என்னைப் போன்ற ஒருவர் தொட்டுப் பார்க்காமல் ஆடக் கூடாது. பாதத்தின் மேற்புறம் விரல்முனை அளவுள்ள ஒரே இடத்தில் மட்டும் வலி வந்தாலும் அப்படித்தான், அது எலும்பில் மயிர்க்கோடு விரிசலாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டும் வையுங்கள்.

அதே மருத்துவரிடம் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லி, "இரண்டு நிமிடம் மூச்சு வாங்க ஆடப் போகிறேன்" என்று சொல்லுங்கள். வெறுமனே டான்ஸ் என்று சொன்னால் நவராத்திரிக் கும்மி என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். இரண்டு காரணம் இருக்கிறது. சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது, கையில் கட்டிய வாட்ச் 110 என்று காட்டும், நீங்களோ உச்சத்தில் இருப்பீர்கள். அதனால் வாட்ச்சை நம்பாமல் பேச்சை வைத்துப் பாருங்கள், ஆடி முடித்து ஒரு நிமிடத்துக்குள் ஒரு முழு வாக்கியம் திணறாமல் சொல்ல வர வேண்டும். இன்னொன்று, சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குத் தரையிலிருந்து சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். மாஸ்டர் வைத்திருக்கும் அந்த உட்கார்ந்து சுழன்று எழும் இடம் எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம். சுழற்சி வேண்டுமென்றால் நின்று சுழலுங்கள், இல்லை அவள் தரையில் சுழலட்டும், நீங்கள் அவளைச் சுற்றி நடங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டுவது, என்றைக்கும் இல்லாத மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் அன்றைய ஒத்திகை அத்தோடு முடிந்தது.

ஒத்திகைக்கு மாஸ்டரோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். முழு வேகத்தில், முழுசாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை, மிஞ்சினால் நாலு. மீதி எல்லாம் மார்க் பண்ணுவது, அதாவது கையும் பார்வையும் முழுசாக, கால் மட்டும் நடந்து. இடம் மாறுவது, இசையைப் பிடிப்பது, ஒருவரையொருவர் பார்ப்பது எல்லாம் மார்க் பண்ணியே மனப்பாடம் ஆகிவிடும். ஒரு தாளில் முழு வேகத்தில் ஆடிய எண்ணிக்கையைக் கோடு போட்டு எழுதுங்கள், உங்களுக்கு ஒரு பத்தி, அவளுக்கு ஒரு பத்தி. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகத்தான் அது ஏற வேண்டும். கடைசி வாரம் பாதியாகக் குறைந்து, முந்தின நாள் ஒன்றோடு நிற்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், கடைசி மூன்று நாள் இரவு பகலாக ஓட்டிவிட்டுக் களைத்த காலோடு மேடைக்கு வருவார்கள். அந்த மூன்று நாளில் புதிதாக எதுவும் ஏறப்போவதில்லை.

அந்த நாளைப் பற்றி. காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் உங்கள் முறை இரவு எட்டுக்கு வரலாம். அதை அநியாயம் என்று நினைத்துக் கொதிக்காமல், அதுவும் போட்டியில் ஒரு சுற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கிய உடம்பு சும்மா உட்கார்ந்தால் கால் மணி, அரை மணியில் ஆறிவிடும், ஆகவே காலையில் செய்த வார்ம் அப் காலையோடு போயிற்று. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று மணிக்கொரு தடவை ஒருவர் போய்க் கேட்டு வர வேண்டும், மூன்று பேர் இருக்கும்போது நீங்கள் இருவரும் எழுந்து நடந்து, கை கால் வீசி, நடனத்தையே பாதி வேகத்தில் ஒருமுறை செய்து, லேசாக வியர்க்க வேண்டும். உட்கார்ந்து காலை நீட்டி நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், நீண்ட நேரம் இழுத்தால் கொஞ்ச நேரத்துக்குத் தசையின் துள்ளல் குறையும். ஸ்வெட்டரும் காலுறையும் கடைசி நொடிவரை உடம்பில் இருக்கட்டும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, வயிற்றுக்குப் பழகினது மட்டும். இத்தனைக்கும் நடுவில் பையைப் பார்த்துக்கொள்ளவும் பேத்தி தூங்கிவிட்டால் பக்கத்தில் இருக்கவும் உங்களைத் தவிர இன்னொரு பெரியவர் கண்டிப்பாக வேண்டும், இதை மறக்காதீர்கள்.

மேடைத் தரையை நேரம் இருக்கும்போதே ஒருமுறை மிதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நடனக் கூடத்து மரத்தரை கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்கும், டிவி மேடையில் அடியிலிருந்து ஒளிரும் பலகைகள் பெரும்பாலும் கெட்டியாக, வழவழவென்று இருக்கும். அதில் ஓங்கித் தட்டினால் சத்தமும் வராது, வலிதான் வரும், ஆகவே தட்டை ஒலிக்காக இல்லாமல் பார்வைக்காக வையுங்கள். உலர் பனிப் புகை விட்டிருந்தால் தரையில் ஈரம் படியும், முந்தைய குழு தூவிய ஜிகினாத் தாள் கிடக்கும். வெறுங்காலோடு ஆடும் உங்களுக்கும் வழுக்கும், ஷூ போட்ட அவளுக்கும் வழுக்கும். துடைத்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். கையெழுத்து வாங்கும் தாள்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். அடிபட்டால் செலவு யாருடையது, பிள்ளையை எத்தனை மணி வரை வைத்திருப்பார்கள், கூட இருப்பவரை உள்ளே விடுவார்களா, படம் பிடித்ததை எங்கெல்லாம் போடுவார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். சிறுவர்களை எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, கேட்கிறவர்களிடம் மரியாதையாகவே நடந்துகொள்வார்கள்.

சிரிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இது என் துறை இல்லை, ஆனாலும் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எல்லா வயதும் ஒரே மேடையில் என்பது புதிதில்லை. 2017-ல் அமெரிக்காவில் என்பிசி டிவி தொடங்கிய 'வேர்ல்டு ஆஃப் டான்ஸ்' போட்டியில் 18 வயதுக்குக் கீழே ஒரு பிரிவு, மேலே ஒரு பிரிவு, பெரிய குழுக்களுக்கு ஒரு பிரிவு என்று வைத்துவிட்டு, இறுதியில் பிரிவு ஜெயித்தவர்களை நேருக்கு நேர் மோதவிட்டார்கள். முதல் வருடம் 14 வயது ஈவா ஐகோ, லே ட்வின்ஸ் என்ற பிரான்ஸ் நாட்டு இரட்டையரை இறுதிச் சுற்றில் எதிர்கொண்டாள், இரட்டையர்தான் ஜெயித்தார்கள். அங்கே மதிப்பெண் ஐந்து தலைப்பில், தலைப்புக்கு 20: ஆட்டம், நுட்பம், நடன அமைப்பு, புதுமை, வழங்கும் விதம். இதில் வயது கை வைக்கக்கூடியது நுட்பத்தில் ஒரு பங்கு. மீதியில் உங்களுக்கு என்ன குறைச்சல்? இந்தியாவில் கலர்ஸ் டிவி 2018-ல் ஆரம்பித்த 'டான்ஸ் தீவானே' மூன்று தலைமுறையையும் போட்டிக்குக் கூப்பிட்டது. பிரிட்டனில் பிரபலங்கள் ஆடும் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' போட்டியை 2020-ல் ஜெயித்த பில் பெய்லிக்கு 55 வயது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமாக ஒருவர் இருக்கிறார், பேடி ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. சின்ன வயதில் நடனம் கற்று, கல்யாணத்தோடு விட்டவர். ஸ்பெயினில் குடியேறி, கணவர் இறந்த பிறகு மறுபடி வகுப்புக்குப் போனார், அங்கே கற்றுக்கொடுத்த நிக்கோவோடு ஜோடி சேர்ந்து அந்த நாட்டு டிவி போட்டி ஒன்றை 2009-ல், 75 வயதில் ஜெயித்தார். 2014-ல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' மேடைக்கு வந்தபோது 79. நிக்கோ அவரைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றும் காட்சியை உங்கள் மாஸ்டர் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன், அந்தத் தொடைமேல் ஏறும் யோசனை அங்கிருந்து வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த இருவரும் பிரிட்டன் மேடைக்கு வரும்முன் ஐந்து வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து ஆடியவர்கள். அதோடு தூக்கப்பட்டவர் அந்த அம்மாள், தூக்கியவர் வயதில் மிகவும் சிறியவர். இங்கே பத்து வாரத்தில், வலிக்கும் முட்டியில், உங்களைத் தாங்கச் சொல்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பைப் பற்றிப் பயமில்லை, பாராட்டைப் பற்றித்தான். "இந்த வயசுலயும் இப்படி ஆடுறாங்களே" என்று நடுவர் எழுந்து நின்று கைதட்டுவார், அத்தோடு உங்களைப் போட்டியிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு பீடத்தில் வைத்துவிடுவார்கள். ஆடுவதற்கு முன்னால் ஓட்டும் அந்தச் சின்ன வீடியோவுக்காக ஒருவர் மைக்கோடு வந்து, கல்யாணத்தால் கனவு போனதா, அப்போது அழுதீர்களா என்று கிண்டிக் கிண்டிக் கேட்பார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பேத்தியிடமும் பேசி வையுங்கள், தேர்வாகவில்லை என்றால் கேமரா அவள் முகத்துக்குப் பக்கத்தில்தான் வரும். அவள் வேண்டாம் என்று நினைக்கும்போது உங்கள் கையை இரண்டு தடவை அழுத்தட்டும், என்ன ஏது என்று கேட்காமல் நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள். ஒளிபரப்பான பிறகு வரும் கமெண்டுகளை ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் படிக்க வேண்டாம், நல்லதைக்கூட.

மாஸ்டரிடம் தொடைமேல் ஏறும் காட்சி கிடையாது என்று சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் பிசியோ தடுத்துவிட்டார் என்று என் தலையில் போடுங்கள். முடிவுக்கு அவருக்கு ஒரு பஞ்ச் வேண்டுமென்றால், எட்டாவது எண்ணிக்கையில் இருவரும் ஒரே சமயத்தில் நிற்கட்டும், அதுவரை நாலு மடங்கு வேகத்தில் இருந்தவள் உங்கள் முதல் காலத்துக்கு வந்து நிற்கட்டும்.

மகனுக்குப் பதில்தானே? வாயால் வாதாட வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டுங்கள், கோடு போட்ட அந்த ஒத்திகைத் தாளைக் காட்டுங்கள். அதற்கு மேலும் எதுக்கும்மா என்றால், ஷூட்டிங் அன்றைக்குக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை பையைப் பார்த்துக்கொண்டு, நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று மணிக்கொரு தடவை போய்க் கேட்டு வர ஒரு பெரியவர் தேவைப்படுகிறார், அன்றைக்கு லீவு போட முடியுமா என்று கேளுங்கள்.